ஆறாத புண்ணும் காவல் நாயும்

(உழவர் பயிற்சியில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



கறவை மாட்டைப் பற்றியும் வெள்ளாட்டைப் பற்றியும் உங்களிடம் பேசப் பலர் வருகிறார்கள். தோட்டத்து நாயைப் பற்றிப் பேச வருபவர் குறைவு. நிலக்கடலைக் காட்டில் இரவெல்லாம் பன்றியை விரட்டுவது நாய்தான். ஆட்டுப் பட்டிக்கும் நெல் காயும் களத்துக்கும் அதுதான் காவல். ஆனால் மாட்டுக்கு மடி வீங்கினால் அன்று காலையிலேயே கால்நடை மருந்தகத்துக்கு வந்து நிற்கும் நாம், நாய்க்குப் புண் வந்தால் ஒரு மாதம் கழித்துத்தான் வருகிறோம். அதற்குள் அந்தப் புண்ணின் மேல் வீட்டில் உள்ள பொருளெல்லாம் ஏறியிருக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும், அடுப்புச் சாம்பல், மண்ணெண்ணெய், அந்துருண்டைப் பொடி, கடைசியாகப் பயிருக்கு வாங்கி மிஞ்சிய பூச்சிமருந்து. "எத்தனையோ மருந்து போட்டுவிட்டோம் ஐயா, ஆறவே மாட்டேன் என்கிறது" என்பார்கள்.

நான் இன்று சொல்ல வந்தது இதுதான். பொதுவாக, நல்ல உணவு தின்னும் நாயின் புண் தானாகவே ஆறக்கூடியது. அது ஆறவில்லை என்றால், ஆறவிடாமல் ஏதோ ஒன்று தடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தத் தடையைக் கண்டு நீக்கும் வரை எந்தக் களிம்பும் உதவாது. நீக்கிவிட்டால் உப்புத் தண்ணீரே பெரும்பாலும் போதும்.

புண் எப்படி ஆறுகிறது என்று தெரிந்தால் எது தடை என்பதும் விளங்கும். அடிபட்ட முதல் மூன்று, நான்கு நாள்களில் அந்த இடம் வீங்கிச் சிவந்து நீர் கசியும். உடல் அழுக்கையும் கிருமியையும் செத்த சதையையும் அப்புறப்படுத்தும் காலம் அது. அதன் பிறகு அடியிலிருந்து குருணை குருணையாகச் சிவந்த புதுச் சதை எழும்பும். தொட்டால் சற்றே இரத்தம் கசியும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், நல்ல அறிகுறிதான். இந்தச் சதை பள்ளத்தை நிரப்பியதும், சுற்றிலும் உள்ள தோல் ஓரம் மெல்லிய வெளிறிய பட்டையாக உள்நோக்கி வளர்ந்து மூடும். புண்ணும் நாளுக்கு நாள் சுருங்கும். இந்தப் புதுத் தோல் முளைவிட்ட நாற்றைப் போல மிக மென்மையானது. நாற்றங்காலில் தினமும் ஒருவர் நடந்தால் என்ன ஆகும்? மண்ணெண்ணெய் ஊற்றுவதும், காய்ந்த பொருக்கைச் சுரண்டுவதும், நாய் ஓயாமல் நக்குவதும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

ஆகவே முதலில் ஒரு தென்னை ஈர்க்கை எடுத்துப் புண்ணின் நீளத்துக்கு ஒடித்து, தேதி எழுதிய தாளில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஏழு நாள் கழித்து இன்னொரு ஈர்க்கால் அளந்து ஒப்பிடுங்கள். கண்ணால் பார்த்தால் தினமும் ஒன்றுபோலவே தோன்றும், ஈர்க்கு பொய் சொல்லாது. குட்டையாகியிருந்தால் நீங்கள் செய்வது சரி, அதையே தொடருங்கள். இரண்டு வாரமாகியும் சுருங்கவில்லை என்றால் மருந்தை மாற்றிப் பயனில்லை, காரணத்தைத் தேட வேண்டும்.

தொடுமுன் ஒரு கேள்வி

புண்ணைத் தொடுவதற்கு முன் "இது கடியா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். தெருவில் திரியும் நாயோ, நரியோ, கீரியோ கடித்த புண்ணாக இருந்தால் வெறிநோய் வருமா என்ற அச்சம் உண்டு. கடிவாய் சில நாளில் அழகாக ஆறிவிடலாம். ஆனால் உள்ளே போன கிருமி நரம்பு வழியாக மெல்ல மெல்ல மூளையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். ஆகவே இந்த ஒரு புண்ணில் மட்டும், ஆறிவிட்டது என்பதை வைத்து ஆபத்து நீங்கியதாக எண்ணிவிடக் கூடாது. ஆறிப்போன பழைய கடிவாயை ஒரு நாய் திடீரென்று கடித்துக் குதறத் தொடங்கினாலோ, குரல் மாறினாலோ, விழுங்க முடியாமல் எச்சில் வடித்தாலோ அதன் அருகே போகாமல், பிள்ளைகளையும் விலக்கிவிட்டு, மருத்துவரை அழையுங்கள். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று வாய்க்குள் கை விடுவது உயிருக்கே ஆபத்து.

கடிபட்ட நாயின் புண்ணைக் கையுறை அணிந்து சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். கையுறை இல்லாவிட்டால் ஓட்டையில்லாத பிளாஸ்டிக் பைகளை இரு கையிலும் மாட்டிக்கொள்ளலாம். அன்றே மருந்தகத்துக்குக் கொண்டுபோய் ஊசி தொடங்க வேண்டும். பொதுவாகக் கடித்த நாள், பின்பு 3, 7, 14, 28-ஆம் நாள்கள் என்று போடுவது வழக்கம். ஏற்கெனவே தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டி அவர் சொல்லும் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். நாயின் எச்சில் உங்கள் கையில் உள்ள வெட்டிலோ கீறலிலோ பட்டிருந்தால், அந்த இடத்தைப் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட காலத்தை நினைத்துக்கொண்டு இன்னும் சிலர் தயங்குகிறார்கள். அந்த ஊசி போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. இப்போது கையில் போடும் சில ஊசிகளோடு முடிந்துவிடும். கடியின் தன்மையைப் பொறுத்துக் கடிவாயிலும் ஒரு மருந்து செலுத்துவார்கள். நோய்க்குறி தோன்றிய பிறகு மனிதருக்கானாலும் நாய்க்கானாலும் பிழைக்க வைக்கும் மருந்து கிடையாது என்றே கொள்ள வேண்டும்.

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும்படி ஊக்க ஊசி, அதற்குப் பின் ஆண்டுக்கு ஒரு முறை. பாஸ்டர் மறைந்த நாளான செப்டம்பர் 28-ஐ உலக வெறிநோய் நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். அதையொட்டிப் பல ஊர்களில் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம். ஊராட்சியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நாய் எவ்வளவு சாதுவானாலும் வலி கண்டால் கடிக்கும். இரண்டு விரல் அகலத் துணி நாடாவை எடுத்து நடுவில் ஒரு சுருக்குப் போட்டு மூக்கின் மேல் மாட்டி இறுக்குங்கள். இரு முனைகளையும் தாடைக்குக் கீழே குறுக்காகக் கொண்டுபோய்க் காதுகளுக்குப் பின்னால் உருவு முடிச்சாகக் கட்டுங்கள். வேலை முடிந்ததும் உடனே அவிழ்த்துவிட வேண்டும். நாய் வாய் வழியாகத்தான் உடல் சூட்டைத் தணிக்கும். மூச்சு இரைக்கிற நாய்க்கும் வாந்தி எடுக்கிற நாய்க்கும் இப்படிக் கட்டக் கூடாது.

தடைகள்

மருந்தகத்துக்கு வரும் ஆறாத புண்களில் மனத்துக்கு மிகவும் வருத்தம் தருவது கழுத்துப் புண்தான். குட்டியாக இருந்தபோது கட்டிய கயிறோ சங்கிலியோ அப்படியே இருக்கும். இராஜபாளையம், கோம்பை போன்ற இனத்துக் குட்டிகள் ஐந்தாறு மாதத்தில் பெரிதாக வளர்ந்துவிடும். கயிறு வளராது. அது தோலை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கும், மேலே மயிர் மூடிக்கொள்ளும். வெளியே தெரிவதெல்லாம் நாற்றமும் கழுத்தைச் சுற்றி ஒரு ஈரக் கோடும்தான். வீட்டார் அந்தக் கோட்டின் மேல் மாதக் கணக்கில் மஞ்சள் பூசிக்கொண்டிருப்பார்கள். கோடு போல வளைந்து சுற்றிவரும் எந்தப் புண்ணையும் கண்டால், உள்ளே கயிறோ நூலோ இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் விளையாட்டாகக் காலிலோ வாலிலோ மாட்டிவிட்ட ரப்பர் வளையமும் இதையே செய்யும். உள்ளே புதைந்த சங்கிலியை இழுக்காதீர்கள். பக்கத்தில் பெரிய இரத்தக் குழாய்கள் இருக்கின்றன. மயக்க மருந்து கொடுத்து மருத்துவர் வெட்டி எடுப்பார். எடுத்தபின் பார்த்தால் வியப்பாக இருக்கும், அத்தனை ஆழமான புண்ணும் சில வாரங்களில் மூடிவிடுகிறது. இனிமேல் கழுத்துப்பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். வளரும் குட்டிக்கு வாரம் ஒரு முறை விரல் விட்டுப் பாருங்கள், காசு செலவில்லாத வைத்தியம்.

அடுத்தது புழு. ஈக்களில் ஒரு வகை உயிருள்ள சதையையே தின்னும் புழுவைத் தருகிறது. பெண் ஈ காயத்தின் ஓரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளைக் குவியலாக இடும். ஒரு நாளுக்குள் அவை பொரித்து, தலையைச் சதைக்குள் புதைத்துக்கொண்டு தின்னத் தொடங்கும். மூச்சுவிடும் துளை பின்புறத்தில் இருப்பதால், புண்ணுக்குள் நெருக்கமாக அடுக்கிய வெள்ளைப் புள்ளிகளாக நமக்குத் தெரிவது அவற்றின் பின்பக்கமே. ஏறக்குறைய ஒரு வாரம் தின்று முடித்ததும் புழு மண்ணில் விழுந்து கூடு கட்டி மீண்டும் ஈயாகும். அந்த ஈ பிறகு உங்கள் கன்றின் தொப்புளையும் மாட்டின் குளம்புப் புண்ணையும் தேடி வரும். ஆகவே நாயின் புழுப்புண் நாயோடு நிற்கும் விஷயமல்ல. எடுத்த புழுவைத் தரையில் போடாமல் கொதிக்கும் தண்ணீரில் போட்டுக் கொல்லுங்கள்.

புழு வைத்த புண்ணில் முதலில் சுற்றியுள்ள மயிரைக் கத்தரித்துவிட வேண்டும். கர்ப்பூரத் தைலம் என்று நாம் சொல்லும் டர்பன்டைனைப் புண்ணுக்குள் ஊற்றக் கூடாது, சதையைப் பொசுக்கிவிடும். துணித்துண்டில் சிறிதளவு நனைத்துப் புண்ணின் வாயில் சில நிமிடம் வைத்தால், மூச்சு முட்டிப் புழுக்கள் மேலே வரும். மழுங்கிய முனையுள்ள இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, உப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிடுங்கள். ஒரே நாளில் எல்லாம் வந்துவிடாது. மறுநாளும் அதற்கு மறுநாளும் பார்க்க வேண்டும். கண், காது, மூக்கு அருகில் இருந்தால் வீட்டில் தொடவே வேண்டாம். இதற்கு நல்ல ஊசியும் மாத்திரையும் உண்டு, அளவை மருத்துவர்தான் நாயின் எடை பார்த்துச் சொல்ல வேண்டும். மாட்டுக்கு வாங்கிய ஊசி மருந்தில் மிச்சத்தை நாய்க்குப் போடுவது பல நாய்களுக்கு எமனாக முடிந்திருக்கிறது. அந்துருண்டையும் பூச்சிமருந்தும் புழுவைக் கொல்வது உண்மைதான். நாய் அதே புண்ணை நக்கும் என்பதை மறந்துவிடுகிறோம். சீத்தாப்பழ விதைப் பொடி நாயின் கண்ணிலோ உங்கள் கண்ணிலோ பட்டால் கடுமையான கேடு செய்யும்.

மூன்றாவது தடை நாயின் நாக்கு. நாய் நக்கினால் புண் ஆறும் என்று நம் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். எச்சிலுக்குச் சில கிருமிகளை அடக்கும் சக்தி சிறிது உண்டு, முதல் அழுக்கை நக்கி எடுப்பதும் நல்லதே. ஆனால் நாள் முழுவதும் சொரசொரப்பான நாக்கு படும்போது ஓரத்தில் வளர்ந்த புதுத் தோல் தங்குவதில்லை. முன்னங்காலில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, தடித்து மயிரில்லாமல் பளபளக்கும் புண்ணைக் கண்டால் அது பெரும்பாலும் நக்கியே உண்டான புண். பகலெல்லாம் கட்டிப் போட்டு வேலையின்றிக் கிடக்கும் நாய்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். அவிழ்த்துவிட்டு நடக்க விடுவதே அதற்குப் பாதி மருந்து. நக்காமல் தடுக்கக் கடையில் புனல் போன்ற கழுத்துப்பட்டை விற்கிறது. கிடைக்காவிட்டால் பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியைக் கழுத்தளவு வெட்டி, வெட்டிய ஓரத்தைத் துணியால் சுற்றி மாட்டலாம். விளிம்பு மூக்கைத் தாண்டி நான்கு விரல் நீள வேண்டும். தின்னும்போது மட்டும் கழற்றுங்கள். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும்.

காட்டுப்பன்றி கோரைப்பல்லால் குத்திய காயத்தில் வாய் சிறிதாகவும் உள்ளே பை பெரிதாகவும் இருக்கும். மேல் தோல் விரைவில் மூடிக்கொண்டு உள்ளே சீழ் கட்டும். பத்து நாள் கழித்து உடையும், மூடும், மறுபடியும் உடையும். இத்தகைய காயத்தை அன்றே கொண்டுவாருங்கள். சீழ் வடிய வழி வைத்துத்தான் ஆற்ற வேண்டும். வயிற்றிலோ நெஞ்சிலோ குத்து பட்டிருந்தால் ஈரத் துணியால் மூடிக்கொண்டு ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வர வேண்டும். இரணஜன்னி ஊசி போட வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. குதிரையையும் மனிதரையும் போல நாய்க்கு அந்த நோய் எளிதில் வருவதில்லை. அதற்கு முன் காயத்தைத் திறந்து கழுவுவதே அவசரம்.

மூடி மூடி உடையும் இன்னொரு புண் பாதத்தில் வரும். விரல் இடுக்கில் சீமைக் கருவேல முள்ளின் முனையோ ஊசிப்புல்லின் விதையோ தங்கியிருக்கும். அது உள்ளே இருக்கும் வரை எத்தனை ஊசி போட்டாலும், ஊசி நிறுத்திய வாரமே மீண்டும் கசியும்.

கனத்த வயதான நாய்க்கு முழங்கையில் சிமெண்டுத் தரை உராய்ந்து வரும் புண்ணுக்கு மருந்து, இரண்டு சாக்கில் வைக்கோல் அடைத்துப் போட்ட படுக்கைதான். காது நுனிப் புண்ணுக்குக் காரணம் பெரும்பாலும் காதுக்குள் இருக்கும் உண்ணியும் சீழுமே. அரிப்பினால் தலையை உதறி உதறி நுனி கிழிகிறது, அதில் ஈ மொய்க்கிறது. உள்ளே பார்க்காமல் நுனிக்கு மருந்து போடுவதில் என்ன பயன்? உடம்பெல்லாம் சொறி பிடித்து அங்கங்கே புண்ணானால் அது வேறு நோய். அதற்கு வண்டியின் கழிவு எண்ணெயைப் பூசும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நாய் அதை நக்கி ஈரலைக் கெடுத்துக்கொள்கிறது.

கழுவுவதும் கட்டுவதும்

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, தலை தட்டிய ஒன்றரைத் தேக்கரண்டி உப்புக் கரையுங்கள். உடம்பின் நீரோடு ஒத்த உப்பு அதில் இருப்பதால் எரியாது. இதைப் பெரிய ஊசிக் குழாயில் எடுத்துப் பீய்ச்சிக் கழுவுங்கள். அழுக்கான புண்ணுக்குக் காலை மாலை, சுத்தமாகச் சிவந்த புண்ணுக்கு ஒரு வேளை. கிருமிநாசினி வேண்டுமானால் கடையில் கிடைக்கும் போவிடோன் அயோடினைத் தண்ணீரில் கலந்து, வெளிறிய தேநீர் நிறத்துக்குக் கொண்டுவந்து ஊற்றலாம். அப்படியே கெட்டியாக ஊற்றினால் கிருமியோடு புதுச் சதையும் போய்விடும். நுரைக்கும் பெராக்சைடு, ஸ்பிரிட், பினாயில் இவை தரைக்கும் பாத்திரத்துக்கும் ஆனவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சளை நான் குறை சொல்லவில்லை. கிருமியை அடக்கும் குணம் அதற்கு இருக்கிறது. ஆனால் கடையில் வாங்கிய பொடியைக் கனமாக அப்பினால் பொருக்குத் தட்டி, அடியில் சீழ் தேங்குகிறது. அதுதான் குறை. வேப்பெண்ணெயைப் புண்ணுக்குள் விடாமல் சுற்றிலும் உள்ள மயிரில் தடவினால் ஈ அண்டாது, அந்த அளவில் அது நல்ல துணை. மருந்துக் கடையில் அரிப்புக்கென்று கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். சிவப்பும் அரிப்பும் உடனே குறையும், புண் ஆறுவதோ தள்ளிப்போகும். வலிக்காக நமக்கு வாங்கிய மாத்திரையையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். இபுபுரூபன், டைக்குளோபினாக் போன்றவை நாயின் குடலில் புண் உண்டாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மருத்துவர் ஏழு நாளுக்கு எழுதிய மாத்திரையை மூன்றாம் நாளில் நிறுத்துவதும் ஆறாத புண்ணுக்கு ஒரு காரணம்.

கட்டுப் போட்டால் தினமும் பிரித்துப் பாருங்கள். நனைந்த கட்டு, கட்டே இல்லாததைவிடக் கேடு. காலில் கட்டும்போது நடு விரல்களின் நுனி வெளியே தெரியும்படி விடுங்கள். அவை வீங்கினாலோ சில்லிட்டாலோ கட்டு இறுக்கம்.

சோறும் மோரும் மட்டும் தின்னும் நாய்க்குப் புதுச் சதை எதிலிருந்து வளரும்? புண் ஆறும் வரையாவது தினம் ஒரு வேகவைத்த முட்டையோ, முள் நீக்கிய மீனோ, கொஞ்சம் இறைச்சியோ கொடுங்கள். குடற்புழு நீக்கியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். உண்ணிகள் நிறைய இருந்தால் அவற்றால் பரவும் காய்ச்சலில் இரத்தம் குறைந்து, சிறு கீறலும் ஆறாமல் நிற்கும். ஈறு வெளுத்திருக்கிறதா என்று உதட்டைத் தூக்கிப் பார்த்தால் தெரியும்.

கடைசியாக, புண்ணைப் போலத் தோன்றி, புண்ணல்லாதவை சில உண்டு. பிறப்புறுப்பில் பூக்கோசு போலத் திரண்டு சொட்டுச் சொட்டாக இரத்தம் கசிந்தால், அது இனச்சேர்க்கையால் நாய்க்கு நாய் பரவும் கட்டி. பயந்துபோய் நாயைக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். வாரம் ஒரு ஊசியாகச் சில வாரம் போட்டால் பெரும்பாலும் அது முற்றிலும் மறைந்துவிடும். அந்த வாரங்களில் நாயின் கழிவைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது, கர்ப்பிணிகள் அந்த வேலைக்கே வர வேண்டாம். வயதான நாயில் ஓரம் தடித்துக் கடினமாகி, ஈர்க்கில் அளக்க அளக்கப் பெரிதாகிக்கொண்டே போகும் புண் புற்றாக இருக்கலாம். ஒரு துளி சதை எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். சிறிதாக இருக்கும்போது அறுத்து எடுப்பது எளிது.

மருந்தகத்துக்கு வரும்போது அன்று காலை நாய்க்குச் சோறு வைக்காதீர்கள், மயக்க மருந்து தேவைப்படலாம். தண்ணீர் கொடுக்கலாம். நாய்க்குப் பழகியவர் ஒருவர் கூட வர வேண்டும். அந்த ஈர்க்குகளையும், இதுவரை புண்ணில் போட்ட மருந்துகளின் பெயரையும் கொண்டுவாருங்கள். பூச்சிமருந்து போட்டிருந்தால் வெட்கப்படாமல் டப்பாவையே எடுத்து வந்து காட்டுங்கள். எந்த மாற்று மருந்து கொடுப்பது என்பது அந்தப் பெயரைப் பொறுத்தது.